முதல் பழைய கார்: அம்பாசடரா, பத்மினியா, ஹெரால்டா?

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இஞ்சின் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" என்றுதான். இஞ்சினைக் கடைசியில் பாருங்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம் ஊரில் கிடைக்கிற பழைய வண்டிகளில் சரிசெய்ய எளிதானது இஞ்சின்தான். சிலிண்டர் போரிங் செய்ய லேத் இருக்கிறது, பிஸ்டன் செட் கிடைக்கிறது, அதைக் கோர்க்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. தகரம் இற்றுப்போயிருந்தாலோ, ஆர்சி புக் சரியில்லாமல் இருந்தாலோ, அந்த வண்டி உங்கள் பணத்தையும் பொறுமையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் 1986 மாடல் பத்மினி ஒன்றை வாங்கினேன். வெள்ளை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்திலேயே மனசு கரைந்துவிட்டது, வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. முதல் மழைக்காலத்தில் டிரைவர் காலடியில் மேட் காயவே இல்லை. ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் தார் ஷீட். தார் ஷீட்டைக் கிழித்தால் அடியில் தகரமே இல்லை, கீழே ரோடு தெரிந்தது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி முழுக்க, ஓட்டையை மறைக்கப் பூசுகிற பட்டி. டிங்கர் கடையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும், உடைந்த பானை ஓடு மாதிரி கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதுவரை இஞ்சினுக்குச் செலவழித்ததைப் போல நான்கு மடங்கு டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் போனது.

அதனால் இங்கே மூன்று வண்டிகளை ஒப்பிடும்போது தகரம், உதிரிபாகம், பேப்பர் என்ற கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன். ஏன் இந்த மூன்று? மாருதி 1983இல் வரும் வரை நம் நாட்டில் சாதாரணக் குடும்பம் வாங்க முடிந்த கார் ஏறக்குறைய இந்த மூன்று கம்பெனிகளிடமிருந்துதான் வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் அம்பாசடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பத்மினியைச் செய்த பிரீமியர், நம் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு. தமிழ்நாட்டில் இன்று முதல் முறையாக ஒரு பழைய காரைத் தேடுகிறவர் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இவைதான். மெர்சிடிஸ், பீட்டில், பழைய ஆஸ்டின் எல்லாம் அழகானவை. ஆனால் முதல் வண்டியாக வேண்டாம். ஒரு கண்ணாடி பீடிங்குக்கு ஆறு மாதம் காத்திருக்கும் பொறுமை முதல் வருடத்தில் யாருக்கும் இருக்காது.

முதலில் அம்பாசடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 தான் இதன் மூலம். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வந்தது. முகப்பு கிரில் மாறியது, டாஷ்போர்டு மாறியது, விளக்கு மாறியது. அடிப்படை உடல் மாறவே இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு அலுவலகங்களும் டாக்சி ஸ்டாண்டுகளும் ஓட்டிய வண்டி என்பதால் அதன் சாமான் எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு கடையின் பின் அலமாரியில் கிடக்கும். 1489 சிசி பெட்ரோல் இஞ்சினை டியூன் செய்யத் தெரிந்தவர் தாலுகா தலைநகரில் ஒருவராவது இருப்பார். தொண்ணூறுகளில் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலில் இசுசு இஞ்சினும் ஐந்து கியரும் உண்டு. நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓட வேண்டும் என்றால் அதைப் பாருங்கள். பழமையின் ருசிதான் முக்கியம் என்றால் அதற்கு முந்தைய மார்க் 2, மார்க் 3.

குறை இல்லாமலா? ஸ்டீயரிங் கனம். நிற்கிற வண்டியைத் திருப்பினால் தோள் வலிக்கும். பழைய மாடல்களில் நான்கு பக்கமும் டிரம் பிரேக், அதனால் முன்னால் போகிற வண்டிக்கு எப்போதும் தாராளமாக இடைவெளி விட வேண்டும். முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சரிப்படுத்தலாம், ஆனால் விலை பேசும்போது சொல்லுங்கள். பெரிய சிக்கல் வேறு. பல அம்பாசடர்களில் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் டீசல் இஞ்சினை ஏற்றியிருப்பார்கள். ஓடுவதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா, இஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பத்மினியை நம் ஊரில் இன்னும் ஃபியட் என்றுதான் சொல்கிறோம். 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, எழுபதுகளின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி, நாற்பது குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேலே. சுமார் 900 கிலோதான் எடை. அதனால் அந்தச் சின்ன இஞ்சினுக்கே வண்டி துள்ளலாக ஓடும். நகரத்துச் சந்துகளில் அம்பாசடரைவிட இதை ஓட்டுவது சுகம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கியர்க் கம்பியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கியர் மாட்டிக்கொண்டு வராமல் நிற்பது பெரும்பாலும் அந்தக் கம்பி இணைப்புகளில் தேய்ந்துபோன புஷ் என்ற சின்ன வளையங்களால்தான். கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் புஷ்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வண்டி முழுசாக நின்ற பிறகே முதல் கியர் போடப் பழகுங்கள். ஓடும்போதே பற்சக்கரங்களை உரசாமல் இணைத்துவைக்கிற சிங்க்ரோமெஷ் அதற்குக் கிடையாது.

ஆனால் பத்மினியின் பலவீனம் துரு. தரைத் தகடு, சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு, பின் லீஃப் ஸ்பிரிங் வந்து மாட்டுகிற இடம், இந்த நான்கும் முதலில் போகும். கடைசியில் சொன்னதுதான் ஆபத்தானது. அங்கே தகரம் இற்றால் ஸ்பிரிங் டிக்கிக்குள் ஏறிவிடும். கடற்கரை ஊரில் வாழ்ந்த வண்டியைவிட ஈரோடு, கரூர், சேலம் பக்கம் வெயிலில் கிடந்த வண்டி எவ்வளவோ மேல். பெயிண்ட் வெளுத்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், தகரம் மட்டும் இரும்பாக இருக்கும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பத்மினி தயாரிப்பு 2000த்தை ஒட்டி நின்றது. அதன் பிறகும் இருபது வருடம் சாமான் தாராளமாகக் கிடைத்ததற்குக் காரணம் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள். 2023 அக்டோபரில் அங்கே கடைசி பத்மினி டாக்சியும் ஓய்வுபெற்றது. ஒரு வண்டி டாக்சியாக ஓடுகிற வரைதான் அதன் உதிரிபாகங்களைப் புதிதாகச் செய்கிற பட்டறைகளும் ஓடும். அதனால் பத்மினி வாங்கினால் விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், முன் சஸ்பென்ஷன் கிட் ஆகியவற்றைத் தேவைப்படும் முன்பே ஒரு செட் வாங்கி வைத்துவிடுங்கள்.

இனி ஹெரால்டு. என் மனசு சாய்வது இதன் பக்கம், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன். இது மெட்ராஸில் பிறந்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இங்கே அதைச் செய்யத் தொடங்கியது. இதன் முகப்பைத் திறப்பதே ஒரு காட்சி. இரண்டு பக்கக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து நிற்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். தன் கையால் வேலை கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த மூன்றில் இல்லை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

மற்ற இரண்டிலும் உடலே வண்டியைத் தாங்கும் சட்டகம், அடியில் தனி இரும்புச் சட்டகம், அதாவது சேசிஸ், கிடையாது. ஹெரால்டுக்கு உண்டு. இது நல்லதும் கெட்டதும். தகரம் இற்றாலும் சேசிஸ் திடமாக இருந்தால் உடலைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் இற்றிருந்தால் கதவு இடைவெளிகள் மேலும் கீழும் சமமில்லாமல் விரிந்து தெரியும். அந்த இடைவெளிகளில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், உங்களுக்கே புரிந்துவிடும்.

ஹெரால்டு வாங்குகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற தண்டின் அடியில் மரைபோட்ட ஒரு வெண்கலக் கட்டை. தண்டு அந்த மரையில் திருகிக்கொண்டு திரும்பும். அதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். ஆயில் போகாமல் விட்டால் உள்ளே தண்ணீர் புகும், தண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் முறிந்து சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். என் நண்பரின் ஹெரால்டில் இந்தத் தண்டைக் கழற்றிப் பார்த்தபோது, வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரிந்தது, மரையின் கடைசிச் சுற்றில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. அன்றைக்கு அவர் குடும்பத்தோடு மகாபலிபுரம் கிளம்ப இருந்தார். வாங்கிய வாரமே இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். ஹெரால்டைப் பொறுத்தவரை இதில் சமரசமே கிடையாது.

சாமான் விஷயத்தில் ஹெரால்டு விசித்திரமான வண்டி. இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. ஆனால் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஆர்வலர்களுக்காகவே இஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலில் வரும், சுங்கவரியும் சேரும். ஆனால் இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். நான்கு கதவு வைத்து வந்த மார்க் 3 நம் நாட்டுக்கென்றே செய்தது. அதன் பின் கதவும் அதைச் சுற்றிய தகரமும் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. நான்கு கதவு ஹெரால்டு வாங்கினால் பின் கதவுகள் முழுசாக இருக்கின்றனவா என்பதை வைத்தே விலை பேசுங்கள். அதற்கு அடுத்து வந்த கசெல் மாடலுக்கும் இதே எச்சரிக்கை.

சரி, எந்த மாடல் என்று முடிவுசெய்தாயிற்று. எந்த நிலையில் இருக்கிற வண்டி? சந்தையில் மூன்று விதம் வரும். எல்லா வேலையும் முடித்து மினுக்குகிற வண்டி, வருடக்கணக்காக நிற்கிற வண்டி, அழகில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. எனக்கு மூன்றாவதுதான். வெளுத்துப்போன பழைய பெயிண்ட் எதையும் மறைக்காது. தினமும் ஓடுகிற வண்டியில் பிரேக்கும் கிளட்சும் கூலிங்கும் ஏதோ ஒரு அளவுக்காவது உயிரோடு இருக்கும். நிற்கிற வண்டி விலை மலிவு என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் டேங்க் அடியில் துரு, வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும், டயர் வெடித்திருக்கும். கொண்டுவரும் லாரி வாடகையிலிருந்து கணக்குப் போட்டால் மலிவு மறைந்துபோகும். மினுக்குகிற வண்டியை வாங்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. வேலை நடந்தபோது எடுத்த போட்டோ காட்டச் சொல்லுங்கள். பெயிண்டைச் சுரண்டிய பின் இருந்த வெறும் தகரத்தின் படம் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் என் வெள்ளைப் பத்மினியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தமும் மெல்லிய துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடி, சக்கர வளைவு, விளக்கைச் சுற்றிய இடம் என்று நகர்த்துங்கள். தகரம் இருக்கிற இடத்தில் டப்பென்று ஒட்டும். பட்டி இருக்கிற இடத்தில் பிடியே இல்லாமல் வழுக்கி விழும். விற்கிறவர் முகம் மாறினால் மாறட்டும். மேட்டை எல்லாம் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஒரு மழைநாளுக்கு மறுநாள் போனால் இன்னும் நல்லது.

பேப்பரில் முதலில் பார்க்க வேண்டியது, ஆர்சியில் இருக்கிற பெயர் எதிரில் நிற்கிறவருடையதா என்பது. பழைய வண்டிகளில் பாதி, காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். அப்படியென்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாறட்டும், அப்புறம் உங்களுக்கு. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, கையில் வந்த பிறகே முழுப் பணம். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் அங்கிருந்து விலை குறைவாக வண்டிகள் வருகின்றன. பதிவுக் காலம் முடிந்துபோன வண்டியை இங்கே பதிவது எவ்வளவு அலைச்சல் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு என்ற வழியும் உண்டு. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் வண்டியை வழக்கமான பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைக்கிறவருக்குச் சாதாரணப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே சரி. 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி. கசப்பான தொகைதான், ஆனால் வண்டியை ஓட்டலாம்.

என்னிடம் கேட்டால்: குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும், மெக்கானிக்கிடம் விட்டு வாங்கிக்கொள்வேன் என்பவர் அம்பாசடர் வாங்கட்டும். ஊருக்குள் ஓட்ட, அளவான செலவில், உள்மாவட்டத்து நல்ல தகரம் கிடைத்தால் பத்மினி. ஹெரால்டை முதல் வண்டியாக வாங்குகிறவரிடம் மூடிய ஷெட், ஒரு டூல் பெட்டி, கிரீஸ் படிந்தால் முகம் சுளிக்காத வீட்டார் மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் எதுவானாலும், அந்த வண்டியில் வேலை செய்கிற மெக்கானிக்கை முதலில் தேடிப் பிடியுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டி பாருங்கள். அவர் வீட்டிலிருந்து வண்டி நிற்கப்போகும் இடம் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் நீங்கள் பாதி ஜெயித்த மாதிரி.

வாங்கி வந்ததும் பெயிண்ட், சீட், ஸ்பீக்கர் என்று இறங்க வேண்டாம். முதலில் பிரேக். நான்கு வீலிலும் இருக்கிற சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுங்கள். ஒன்று ஒன்றாக மாற்றினால் புது அழுத்தத்தில் பழையது கசியும். அடுத்தது பெட்ரோல் வழி. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்து ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் ஊறி மெத்தென்று ஆகும், பம்பின் டயஃப்ரம் தளரும், எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், பம்ப் கிட்டை மாற்றுங்கள், டேங்கை இறக்கிக் கழுவுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பிறகு ரேடியேட்டர், டயர், ஒயரிங். பிரிட்டிஷ் வழி வந்த பழைய மாடல்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். பேட்டரி மாற்றும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அம்பாசடர்களில் ஃபியூஸ் இரண்டே இரண்டுதான் என்பதால், கூடுதலாக எதை மாட்டினாலும் அதற்குத் தனி ஃபியூஸ் வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பாயிண்ட் என்ற சின்ன மின்தொடுமுனை திறந்து மூடுவதைக் காண, இன்னொருவரை ஃபேன் பெல்ட் பக்கம் கையால் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். அம்பாசடரில் பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது அந்த இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டால் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், எண்ணெய்ப் பட்ட காகிதம் வழுக்குவது போல வர வேண்டும். திருகைக் கால் சுற்று தளர்த்தி, பாயிண்டை நகர்த்தி, இறுக்கி, மறுபடி பாருங்கள். இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி தளர்த்துங்கள். முதல் தடவை எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, இப்போது ஏழெட்டு நிமிடம். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிங் சத்தம் சீராக வந்தால், அடுத்த வாரம் கார்புரேட்டர்.